ஐந்துக்கு ஐந்து வாங்கிய சீட்

எங்கள் அலுவலக வளாகத்தின் கேட் கண்ணுக்குத் தெரிந்ததும் ஜெசிந்தா அக்கா வண்டியை ஓரம் கட்டினார். தூறல் விட்டும் விடாமலும் விழுந்துகொண்டிருந்தது. இண்டிகேட்டரை அணைக்காமல் அப்படியே கதவைத் திறந்து இறங்கினார்.

நான் இடது பக்க சீட்டில் நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டயரில் ஏதோ கோளாறு போல என்று நினைத்தேன்.

அவர் டயரைப் பார்க்கவே இல்லை. தன் சீட்டிலிருந்து ஒரு தலையணையை உருவினார். மெரூன் வெல்வெட். எந்த வீட்டு சோபாவிலிருந்தோ வந்து, நடுவில் வழுக்கை விழுந்திருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து கால்மிதியைத் தூக்கினார். அடியில், ரப்பர் செருப்பை அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய ஒரு கட்டை. அதையும் எடுத்தார். இரண்டையும் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பின்னால் சொருகிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் ஆள் நாலு விரற்கடை இறங்கிப் போனார். அதுவரை ஸ்டியரிங்குக்கு மேலே தெரிந்த முகம் இப்போது அந்த வளையத்துக்குள் தெரிந்தது.

"இன்னா சார் அப்டி பாக்குற?" என்றார். "இதெல்லாம் உங்க ஃபார்ம்ல இல்ல."

கேட்டில் செக்யூரிட்டி குனிந்து உள்ளே பார்த்தார். டிரைவர் சீட் சுத்தம். கால் வைக்கிற இடம் சுத்தம். போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

அந்த சீட்டில் ஒரு குறையும் இல்லை என்று மூன்று நாளைக்கு முன்புதான் நான் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பிரியாணி போட்ட நாள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஒரகடத்தில் கார் வடிவமைக்கிற அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கார் என்றால் முழுக் கார் இல்லை. டிரைவர் சீட் மட்டும். அதன் உயரம், சாய்வு, பஞ்சு.

போன வாரம் இருங்காட்டுக்கோட்டை ரூமைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "ஆறு பேர் ஒரே ரூமில் எப்படித் தம்பி படுத்தீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் ஆறு பேரும் ஒரே சமயத்தில் படுத்ததே இல்லை ஐயா.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற ஒப்பந்த வண்டிகளாக ஓடுகிற ஒரு மாடல். அதற்குப் புது வடிவம் வரைந்துகொண்டிருந்தோம். இருப்பதிலேயே எளிய ரகத்தில் டிரைவர் சீட்டை ஏற்றி இறக்குகிற லிவர் கிடையாது. புதிதிலும் வேண்டாம் என்பது ஏறக்குறைய முடிவு. எதற்கும் ஓட்டுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார்கள்.

கேட்கிற பொறுப்பு எனக்கு வந்தது. வேலையில் சேர்ந்த பிறகு எனக்கென்று தந்த முதல் பொறுப்பு.

நான் ஒன்றும் சோம்பேறித்தனமாகச் செய்யவில்லை. ரெண்டு நாள் உட்கார்ந்து ஃபார்ம் தயாரித்தேன். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மார்க் என்று போட வேண்டும். மேலே பெயர், வண்டி எண், கான்ட்ராக்டர் பெயர். பிறகு டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நானே ஒரு செய்தி போட்டேன்: "நாளை காலை பத்து மணிக்கு வண்டியைச் சுத்தமாக எடுத்து வரவும்."

அந்தச் 'சுத்தமாக' என்பதை மரியாதைக்காகத்தான் போட்டேன். பெரிய அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், வண்டிக்காரர்களைத் தாழ்வாக நினைத்துவிடக் கூடாதே என்று.

மறுநாள் வண்டிகள் கல்யாண மண்டப வாசலில் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன. கழுவித் துடைத்து, டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டு. சீட்டில் ஒரு துண்டு இல்லை, துணி இல்லை. எங்கள் ஆட்கள் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா மெயின்டெய்ன் பண்றாங்க" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

டிரைவர்களை ஏசி ஹாலில் உட்காரவைத்தோம். அவர்களுடைய கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பாபு கடைசி வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார்கள். ஒருவர் எழுந்து, "சார், அஞ்சுக்கு மேல போட எடம் இல்லியா?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் எல்லாருக்கும் பிரியாணி.

லோடு மேல் அப்பா

இங்கே கொஞ்சம் எங்கள் வீட்டுக் கதை. குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு சேம்பரில், அதாவது செங்கல் சூளையில், அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். லாரியில் டிரைவருக்குப் பக்கத்து இடம் மேஸ்திரிக்கு. அப்பாவுக்கு இடம் பின்னால், செங்கல் மேல். வெயில் நாளில் சாக்கை விரித்து அதன் மேல் உட்காருவார். சூடு ஏறாமல் இருக்க அடிக்கடி பக்கம் மாற்றி உட்காருவார். இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெற்று லாரியில் நின்றுகொண்டே வருவார். முன்னால் இடம் இருந்தாலும் ஏற மாட்டார். யாரும் ஏறச் சொன்னதும் இல்லை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். காரின் முன்சீட்டில் உட்கார்ந்த முதல் ஆளும் நான்தான். அதுவும் வேலையில் சேர்ந்த பிறகு, பரிசோதனைக்கு வந்த வண்டியில். ஸ்டூல் போட்டு உட்காருகிற மாதிரி முதுகு படாமல் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் "சாய்ஞ்சு உக்காருங்க ப்ரோ, சீட்டு நம்மளுதுதான்" என்றார்.

என்ன வேலை என்று அப்பா போனில் கேட்டபோது, "டிரைவர் உக்கார்ற எடத்தைச் செய்யறேம்ப்பா" என்றேன். "பார்த்துச் செய்யி. நாள் பூரா உக்கார்ற ஆளு" என்றார்.

எந்தப் பேராசிரியரும் எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. ஆனாலும் நான் ஃபார்ம்தான் அடித்தேன்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

அந்த மழை நாளில் பஞ்சு செய்கிற ஒரு சிறு கம்பெனியைப் பார்க்கப் படப்பைக்குப் போயிருந்தேன். திரும்ப பஸ் இல்லை. ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் நிரம்பிப் போயின. கடை வாசலில் ஒதுங்கி நின்றபோதுதான் ஒரு வண்டி நின்று கண்ணாடி இறங்கியது. "ஃபார்ம் குடுத்த சார்தான? ஏறு, அங்கதான் போறேன்."

ஜெசிந்தா அக்காவுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். மணிமங்கலத்தை ஒட்டிய ஒரு புதுக் குடியிருப்பில் வீடு. வீட்டுக்காரர் பெயின்டர். மழைக்காலத்தில் அவருக்கு வேலை இருக்காது, குடும்பம் அக்காவின் வண்டியில்தான் ஓடும். காலையிலும் மதியமும் ஹாஸ்டல் பெண்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்குவார். உயரம் ஐந்தடிக்குள்.

உள்ளே போய் நிறுத்தியதும் ஷிஃப்ட் விடுவதற்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நான் இறங்கவில்லை.

"அக்கா, சீட் சரியில்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"பிரியாணி துன்னுட்டு மார்க்கு கொறைச்சா போட முடியும்?"

"அது இல்லக்கா, நெசமா கேக்கேன்."

"விடு சார்."

கண்ணாடியில் துடைப்பான் போய்ப் போய் வந்தது. நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் மூடிக்கொண்டது. நோட்டை உள்ளே வைத்தேன்.

திடீரென்று அவர் கேட்டார். "ஆமா, இம்மாங் கேள்வி கேக்குறியே, உனக்கு ஓட்டத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு நான் ஒன்றரை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. யாராவது சாவியை நீட்டினால் "கையில சுளுக்கு" என்பேன். ரூமில் முத்துப்பாண்டி ஒருவனுக்கு மட்டும் தெரியும். அவன், "ஏல, நீச்சல் தெரியாதவன் படகு செய்த மாதிரில்லா இருக்கு ஒன் கத" என்று ஓட்டுவான்.

"தெரியாதுக்கா" என்றேன். "பைக் மட்டும்தான்."

அக்கா என் பக்கம் முழுதாகத் திரும்பினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டியரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தார். ஹாரனில் நெற்றி பட்டு, தள்ளி நின்ற வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ கர்த்தரே! சீட்டு செய்யற ஆளு! லைசென்ஸே இல்ல!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ நீ எங்கள கேக்குறது நாயம்தான். தெரியாதவன்தான கேக்கணும். எறங்கு. இந்தப் பக்கம் வா."

நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளக் கையை விட்டேன்.

"தொடாத. நான் உக்கார்ற மாதிரியே உக்காரு. கால பெடல்ல வை. அப்டியே இரு."

இருந்தேன். என்ஜின் அணைந்திருந்தது. அக்கா இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, சாலையைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் பேசிப் பழகியவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஹாலில் எல்லாரையும் மேடையைப் பார்த்து உட்காரவைத்திருந்தேன்.

தலையணை இல்லாவிட்டால் முன்னால் சாலை தெரியாது. தெரிய வேண்டுமானால் சீட்டின் நுனிக்கு வர வேண்டும். நுனிக்கு வந்தால் சீட்டின் முன் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும். வலது கால் மரத்துப்போகும். தலையணை வைத்தால் சாலை தெரியும், ஆனால் குதிகால் அந்தரத்தில் தொங்கும். அதற்குத்தான் செருப்புக் கட்டை.

"சரி, அதை ஏங்க்கா கேட் வந்ததும் ஒளிக்கிறீங்க?"

"ரூலு தம்பி." சார் போய்த் தம்பி வந்துவிட்டது. "எங்கியோ எவனுக்கோ தலகாணி நழுவி பிரேக்குக்கு அடியில பூந்துக்கிச்சாம். அதுலேர்ந்து சீட்டு மேல எதுவும் வெக்கக் கூடாது. மூணு வாட்டி மாட்டுனா டூட்டி கட்டு. நான் ரெண்டு வாட்டி மாட்டிக்கினேன். பாபு எழுதி வெச்சிகினு கீறான்."

பத்து நிமிஷத்தில் எனக்குத் தொடை எரிந்தது. அவர் அதில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்காருகிறார். இன்னும் ஒரே ஒரு முறை மாட்டினால் அந்த சீட்டும் போய்விடும்.

அழித்த போட்டோ

மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் டிசைன் மேனேஜர் வித்யா மேடத்திடம் போனேன். என் ரிப்போர்ட் தப்பு என்றேன். வண்டியைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னது நான்தான், பார்க்க வேண்டியதையெல்லாம் நானே துடைக்கவைத்துவிட்டேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது. "முருகேசன், வர்ற வெள்ளிக்கிழமை டிராயிங்கைப் பூட்டிடுவோம். சீட்டு வார்க்கற அச்சு செய்யப் போயிடும். அப்புறம் ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. ஒரு டிரைவர் சொன்னாங்கன்னு நான் போய் நிக்க முடியுமா? ஏதாவது காட்டுங்க."

என் போனில் ஒரு போட்டோ இருந்தது. சீட்டையும் தலையணையையும் அக்காவைக் கேட்டுத்தான் எடுத்திருந்தேன், "எனக்கு மட்டும்" என்று சொல்லி. ஆனால் டேஷ்போர்டில் மாட்டியிருந்த அவருடைய அடையாள அட்டையும் அதில் விழுந்திருந்தது. முகம், பெயர், நம்பர், எல்லாம்.

"இது போதுமே, அனுப்புங்க" என்றார் மேடம்.

"அவங்களைக் கேக்காம அனுப்ப முடியாது மேடம்."

வெளியே வந்து போன் செய்தேன். அட்டையை மறைத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அந்த மெரூன் தலகாணிய பாபு ரெண்டு வாட்டி பாத்துக்கீறான். மூஞ்சி எதுக்கு? தலகாணியே போதும்" என்றார். பிறகு, "அழிச்சிரு தம்பி" என்றார்.

அழித்தேன். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் காட்ட இனி ஒன்றும் இல்லை என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது அவர் சொன்னார். "என்னுது ஒண்ணு மட்டும் இருந்தா என்னுதுதான். எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிட்டா யாருதுன்னு யாருக்குத் தெரியும்?"

தலையணைகளின் கூட்டம்

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. காலை ஷிஃப்டை இறக்கிவிட்டு வண்டிகள் காத்து நிற்கிற காலி இடம். நானும் வித்யா மேடமும் போனபோது ஒரு நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. அதன் மேல் பதினேழு தலையணைகள்.

தலையணை என்று மொத்தமாகச் சொல்கிறேன். பாதி நீள மெத்தைத் துண்டு இருந்தது. மடித்துத் தைத்த பழைய கம்பளி இருந்தது. பஸ் சீட் ரெக்சின், கயிறு போட்டுக் கட்டிய தேங்காய் நார், குழந்தைத் தலையணை ஒன்று, பொம்மை போட்ட உறையோடு. ஓரமாகச் செருப்புக் கட்டைகள் தனிக் குவியல். மழைக்குப் பிந்தைய வெயிலில் எல்லாம் சேர்ந்து வேர்வையும் டீசலுமாக ஒரு வாசனை.

டிரைவர்கள் தார்ப்பாயைச் சுற்றி நின்றார்கள். யாரும் எதன் பக்கத்திலும் நிற்கவில்லை.

வித்யா மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயிலேயே உட்கார்ந்தார். நோட்டு கொண்டுவரக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். அவர் அந்தக் குழந்தைத் தலையணையை எடுத்து, "இது எதுக்குங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

பின்னால் நின்ற ஒரு பெரிய மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். "அது யாருதுன்னு தெரியாதுங்க மேடம். ஆனா அந்தத் தலகாணிக்கு இடுப்புல எல்1 எல்2ன்னு ஏதோ தேஞ்சிப் போச்சின்னு டாக்டர் சொல்லிக்கீறார்."

"அந்தத் தலகாணி பாப்பா பொம்மைய விட்டுட்டுத் தூங்காதாமே!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். சிரிப்பு வெடித்தது. மீசைக்காரரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவரும் 'நான்' என்று சொல்லவில்லை. "இந்தக் கம்பளிக்கு வலது தோள்ல பெல்ட் அறுக்குது." "இந்த நாருக்கு மேடேறும்போது பானெட்டே தெரியாது." "இந்த ரெக்சினு முன்னாடி பஸ்சு ஓட்டுச்சி, அதுக்கு இந்தக் குட்டி சீட்டு புடிக்கல." மேடம் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அமுக்கிப் பார்த்து, அதனிடமே கேட்பது போலக் கேட்டார். என் ஃபார்மில் இருந்த பத்துக் கேள்வியில் ஒன்றுகூட அங்கே வரவில்லை.

மெரூன் தலையணை அவர் கைக்கு வந்தபோது ஜெசிந்தா அக்கா வேறு பக்கம் பார்த்தபடி, "அதுக்குக் கால் மரத்துப்பூடும்" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் பைக் சத்தம் கேட்டது. பாபு.

பேச்சு பட்டென்று அறுந்தது. பாபு ஸ்டாண்டு போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். தார்ப்பாயைப் பார்த்தார். "இன்னாது இது? யாருது இதெல்லாம்?"

அக்கா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். இறுக்கிச் சுற்றியதில் விரல் நுனி வெளுத்திருந்தது. இந்தக் கூட்டம் என்னால் வந்தது.

"எங்க ஆபீசோடது" என்றார் வித்யா மேடம், எழுந்திருக்காமலே. "சாம்பிள்."

பாபு குனிந்தார். பதினாறை விட்டுவிட்டு மெரூன் வெல்வெட்டின் மேல் கையை வைத்தார். அந்த வழுக்கையைத் தடவினார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "இந்த சாம்பிள நான் எங்கியோ பாத்த மாதிரி கீதே."

"கடையில நெறைய விக்குது சார்" என்றேன் நான்.

பாபுவைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். தலையணை நழுவி பிரேக் பிடிக்காமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "சாம்பிள்னா சாம்பிளு. உங்க வேன்ல ஏத்திகினு போங்க மேடம். எதுவும் திரும்ப எங்க வண்டியில ஏறக் கூடாது."

பைக் போய்விட்டது. அக்காவின் விரலிலிருந்து துப்பட்டா அவிழ்ந்தது. டூட்டி பிழைத்தது. ஆனால் 'சாம்பிள்' என்று சொன்ன வார்த்தைக்காகப் பதினேழையும் நாங்கள் வேனில் ஏற்ற வேண்டியதாயிற்று. பதினேழு பேர் மதிய ஷிஃப்டை வெறும் சீட்டில் ஓட்ட வேண்டியதாயிற்று. மீசைக்காரர், "பாத்து எடுத்துக்கினு போங்க, பாப்பா அழுவா" என்றார்.

வெறும் சீட்டில் ஒரு டிரிப்

"நான் இவங்களோட போறேன்" என்றார் மேடம். மதியம் ஷிஃப்ட் விட்டதும் அக்காவின் வண்டியில் முன்னால் ஏறிக்கொண்டார். நான் கடைசி வரிசையில், டிபன் டப்பாக்களுக்கும் ஹாஸ்டல் பெண்களுக்கும் நடுவில் சுருண்டேன்.

கிளம்பும்போது மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கால் மரத்துப்போறது எங்க ஆரம்பிக்குதோ அங்க சொல்றீங்களா?"

அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். ஒரகடம் பாலத்தில் "இப்ப ஒண்ணும் இல்ல." கொஞ்ச தூரத்தில் "விளிம்பு குத்துது." சேரப்பனஞ்சேரி தாண்டியதும் "எறும்பு ஊர்ற மாதிரி." அதன் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். கழுத்தை நீட்டி நீட்டிச் சாலையைப் பார்த்தார்.

"அக்கா, எங்களுக்கு பின்னாடி ஏசி வரவே மாட்டேங்குது, அதையும் சொல்லுங்க" என்று எனக்குப் பக்கத்திலிருந்த தென்காசிப் பெண் குரல் கொடுத்தாள்.

"சும்மா கெட. இது என் காலு பஞ்சாயத்து" என்றார் அக்கா.

படப்பை நெருங்கும்போது வண்டியை ஓரம் கட்டினார். "போச்சி" என்றார். "பெடல்ல கால் கீதா இல்லியான்னு தெரியல. தெரியாம ஓட்ட மாட்டேன்."

இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தரையில் உதைத்தார். ஒரு முறை, இரண்டு முறை. லாரிகள் உரசிக்கொண்டு போயின. உள்ளே ஒருத்தியும் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. தினமும் பார்க்கிறவர்கள். தென்காசிப் பெண் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வித்யா மேடம் முன்சீட்டில் அசையாமல் உட்கார்ந்து, டிரைவர் சீட்டின் முன் விளிம்பில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதிலும் அதே கோட்டைத்தான் நான் வரைந்திருந்தேன்.

மணிமங்கலத்தில் எல்லாரையும் இறக்கிய பிறகு, நாங்கள் இருவரும் ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு திரும்பினோம். அந்தச் சத்தத்தில் மேடம் என் காதருகே சொன்னது: "நாளைக்குப் பூட்டறது இல்ல. லிவர் வரும். அந்த விளிம்பை நீங்க இறக்குங்க."

நன்றி எழுதுகிற கட்டம்

விளிம்பை இறக்கினேன். குதிகால் படுகிற இடத்தில் தரையை ஒரு விரல் தடிமன் உயர்த்தினோம். எளிய ரகத்திலும் லிவர் வந்தது. பதினேழு தலையணைகளின் தடிமனையும் அளந்து, அதற்குத் தக்கபடிதான் லிவர் எவ்வளவு ஏற வேண்டும் என்று முடிவு செய்தோம்.

பழைய வண்டிகளுக்கு என்ன செய்வது? படப்பைப் பஞ்சுக் கம்பெனியில், சீட்டோடு நாடா போட்டு இறுக்கிக் கட்டுகிற மாதிரித் தலையணை செய்தோம். பாபு அதைப் பிடித்து, காலை சீட்டில் முட்டுக் கொடுத்து, மூன்று முறை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "இது ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது வண்டி அக்காவின் கான்ட்ராக்டருக்கு இன்னும் வரவில்லை. வரும்.

வரைபடத்தில் எதை மாற்றினாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'யார் சொன்னது' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்துக்கு முன்னால் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், நம்பிப் பேசியவர்கள், அன்றைக்கு வெறும் சீட்டில் ஓட்டியவர்கள், ஒருவர் பெயரையும் எழுத முடியாது. எழுதாமல் இருப்பதுதான் நான் அவர்களுக்குக் காட்டக்கூடிய நன்றி. 'ஓட்டுநர்கள்' என்று போட்டேன்.

இந்த வாரப் பகுதியை அனுப்புவதற்கு முன்னால் மணிமங்கலம் போய், நிறுத்தியிருந்த வண்டியில் உட்கார்ந்து அக்காவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். பெயரை மாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன்.

"ஜெசிந்தாவா? நல்லாதான் கீது. எங்க சித்தி பேரு." பிறகு, "அஞ்சடிக்குள்ளன்னு எதுக்குப் போட்ட? அஞ்சு ஒண்ணுன்னு போடு" என்றார்.

"அளந்தது நான்தானக்கா."

"அளக்கத் தெரியுது, ஓட்டத்தான் தெரியல." சிரித்தார். சாலைப் பக்கம் திரும்பினார். எதிரே ஒரு ஷிஃப்ட் வண்டி ஹாரன் அடித்துப் போனது.

"தம்பி, பேர மாத்திக்கோ. தலகாணி கலர மாத்திக்கோ. வூடு எங்கன்றத மாத்திக்கோ. அந்தக் கால் மரத்துப்போனத மட்டும் ஒண்ணும் மாத்தாத."

மாற்றவில்லை அக்கா. கால் மரத்து நீங்கள் வண்டியை நிறுத்திய இடத்தில்தான் எழுத்திலும் நிறுத்தியிருக்கிறேன்.